சாரல் ஊரில் தண்ணீரில்லாக் கார் வாஷ்

ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் ஐந்தருவி சாலையோரம் மூன்று மணி நேரம் நின்ற ஒரு வெள்ளைக் காரைச் சும்மா ஒரு சுற்று சுற்றி வந்தாலே போதும், இந்த வட்டாரத்து அழுக்கு மொத்தத்தையும் பார்த்துவிடலாம். கூரையில் சாரல் விழுந்து காய்ந்த சாம்பல் நிறப் புள்ளிகள். பானெட்டில் குரங்கின் கால்தடம். ஈர மண் காலோடு கண்ணாடி வரை ஏறி, வைப்பரை இழுத்துப் பார்த்துவிட்டு, அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறது. முன் பம்பரில் ராத்திரி ஓட்டத்தில் அடிபட்ட பூச்சிகள். சக்கரத்துக்குப் பின்னால் அப்பிய செம்மண். கதவுத் தூசியில் யாரோ விரலால் எழுதிவிட்டுப் போன ஒரு பெயர். திரிகூடராசப்பக் கவிராயர் 18-ம் நூற்றாண்டிலேயே குற்றாலக் குறவஞ்சியில் இந்த மலைக் குரங்குகளைப் பாடிவிட்டார். அவர் காலத்துக் குரங்குகளுக்கு ஏறி விளையாட பானெட் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் காரைச் சுத்தம் செய்ய இங்கே மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. செங்கோட்டை, தென்காசி சாலையோர வாட்டர் சர்வீஸில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது ஒன்று. ஆற்றிலோ வாய்க்காலிலோ சக்கரம் நனைய இறக்கி, வாளியால் மொண்டு ஊற்றுவது இன்னொன்று. மூன்றாவது, கடந்த சில ஆண்டுகளில் டிக்கிக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் அரை லிட்டர் ஸ்ப்ரே பாட்டில். தண்ணீரே வேண்டாம், அடித்துத் துடைத்தால் கார் பளபளக்கும் என்று அதன் லேபிள் சொல்கிறது.

லேபிள் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாமல் அந்த ஐந்தருவிக் காரில் பாட்டிலைத் திறந்தால், பளபளப்பு வருகிறதோ இல்லையோ, கீறல் நிச்சயம் வரும்.

தண்ணீருக்கா பஞ்சம்?

செங்கோட்டைக்காரரிடம் தண்ணீர் இல்லாமல் கார் கழுவலாம் என்று சொன்னால் சிரிப்பார். நியாயம்தான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக உள்ளே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் சாரலைக் கொண்டுவந்து போடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் தப்பாது. ஊரை ஒட்டிய குண்டாறு அணையின் உயரம் 36.10 அடிதான். தென்மேற்குப் பருவமழை பிடித்த சில நாள்களிலேயே அது நிரம்பிய செய்தி பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த இதே தென்காசி மாவட்டத்தில்தான் ஆலங்குளமும் சங்கரன்கோவிலும் இருக்கின்றன. அந்தப் பக்கம் கோடையில் போர்வெல் தண்ணீரின் உப்பைக் கார் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகளாகவே பார்க்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். வீட்டுக் குழாயில் மாட்டிய ஹோஸில் நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் வரை கொட்டும். பத்து நிமிடம் திறந்துவிட்டுக் கழுவினால் 100 முதல் 200 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசின் விதிமுறை வைத்திருப்பது 135 லிட்டர். கிராமங்களுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். அதாவது, ஒரு கார் குளிக்கிற தண்ணீரில் கிராமத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு நாள் பாட்டைக் கழித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கு உறைக்க சென்னைக்கு 2019 கோடை தேவைப்பட்டது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடக்க, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து இறங்கியது. குடிக்கவே ரயிலில் தண்ணீர் வரும்போது காருக்கு ஹோஸ் பிடிக்க யாருக்கு மனம் வரும்? அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் சிம்லாவில் குடிநீர் தட்டுப்பாடு முற்றியபோது, இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒரு வாரத்துக்குக் கட்டுமானத்தோடு கார் கழுவுவதையும் நிறுத்தச் சொன்னது. 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்து வசூலும் செய்தது.

இந்த நெருக்கடிகளுக்கு முன்பே கார் கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்களுக்குள் ‘டிரை வாஷ்’ நுழைந்துவிட்டது. மாருதி சுசூகி தன் சர்வீஸ் வலைப்பின்னலில் இந்த முறையால் 2018-19 நிதியாண்டில் மட்டும் 65.6 கோடி லிட்டர் தண்ணீரை மிச்சப்படுத்தியதாகக் கணக்குக் காட்டியது. ஜோலார்பேட்டை ரயில் 262 நடை ஓடினால்தான் அவ்வளவு தண்ணீர் வந்து சேரும். கம்பெனி சொல்லும் கணக்கு என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் சின்ன எண் இல்லை.

கடையநல்லூர், வடகரைப் பக்கம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இதெல்லாம் பழைய கதை. துபாயில் பொது இடத்தில் அழுக்கேறிய காரை நிறுத்திவைத்தால் 500 திர்ஹம் அபராதம் போடுவார்கள். அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் ஒரு வாளித் தண்ணீரும் நாலு துணியுமாக வரிசையாகக் கார்களைத் துடைத்துக்கொண்டே போகும் வேலையை நம் ஊர்க்காரர்களே செய்திருக்கிறார்கள். பாலைவனம் கற்றுக்கொடுத்த சிக்கனம் அது.

பாட்டிலுக்குள் இருப்பது

வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில்லா வாஷ் என்று விற்கும் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதோடு அழுக்கைப் பிடித்துத் தளர்த்தும் சோப்பு வகை மூலக்கூறுகள், துகளைச் சுற்றி வழவழப்பாகப் படியும் பாலிமர்கள், கடைசியில் பளபளப்புக்கு மெழுகோ சிலிக்கோனோ கொஞ்சம். அடித்த அரை நிமிடத்தில் தூசியும் பெயின்ட்டும் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் ஒரு வழுக்கும் படலம் உட்கார்ந்துவிடுகிறது. துணி அந்தத் தூசியை உரசித் தள்ளக் கூடாது, ஒற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். வித்தை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஒரு காருக்கு 100 முதல் 200 மில்லி திரவம் போதும்.

ஏன் இவ்வளவு பதவிசு? காரின் நிறத்துக்கு மேலே ‘கிளியர் கோட்’ என்ற நிறமில்லாத வார்னிஷ் படலம் உண்டு. பளபளப்பு தருவது அதுதான். அதன் கனம் 35 முதல் 50 மைக்ரான். ஒரு ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான், ஆக அதில் பாதி தேறினால் அதிகம். செங்கோட்டைச் சாலையின் தூசியோ சாதாரணத் தூசி அல்ல. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள் புளியரை வழியாகக் கேரளாவுக்கு வரிசை கட்டுகின்றன. தார்ப்பாய் சரியாக மூடாத லாரியின் பின்னால் பத்து நிமிடம் ஓட்டியவருக்குத் தெரியும், கண்ணாடியில் நறநறவென்று விழுவது என்னவென்று. கருங்கல் பொடியில் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் 7. கத்தியின் எஃகையே கீறக்கூடிய பொருள். அதைக் காய்ந்த துணியால் கதவின் மேல் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

காலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கிற நேரத்தில் செங்கோட்டை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் டாக்சிகளைப் பாருங்கள். வெயில் சாய்ந்து விழும் கோணத்தில் கறுப்பு வண்டிகளின் பானெட்டில் வட்ட வட்டமாக மயிரிழைக் கீறல்கள் மின்னும். அவை விபத்தில் வந்தவை அல்ல. தினமும் மஞ்சள் துணியை வைத்து அக்கறையாகச் சுற்றிச் சுற்றித் துடைத்ததில் வந்தவை. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் இன்னும் மோசம். திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அந்தத் துண்டுகளில் தடித்த தையல் இருக்கும், சிலவற்றில் ஊக்கும் பித்தானும்கூட இருக்கும். எஞ்சினில் எண்ணெய் துடைக்க அது நல்ல துணி. பெயின்ட் பக்கம் அதைக் கொண்டுவரவே கூடாது.

ஆகவே இந்த விஷயத்தில் பாட்டிலைவிடத் துணிதான் பெரிய ஆள். இருநூறு ரூபாய்த் திரவமும் நல்ல மைக்ரோஃபைபர் துணியும் சேர்ந்தால் கார் தப்பிக்கும். ஆயிரம் ரூபாய்த் திரவமும் பழைய லுங்கித் துண்டும் சேர்ந்தால் தப்பிக்காது. மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்து, ஒவ்வொரு இழையையும் பல கூறாகப் பிளந்து நெய்த துணி. அந்தப் பிளவுகளுக்குள் தூசி போய் மாட்டிக்கொள்ளும். சதுர மீட்டருக்கு 350 கிராமுக்குக் குறையாத, நீள மயிர் உள்ள துணியாகப் பார்த்து வாங்க வேண்டும். விளிம்பில் தடித்த தையல் இருந்தால் வேண்டாம். லேபிளை வெட்டி எறிந்துவிட வேண்டும், அதன் முனையும் கீறும்.

துடைக்கும் முறை சொன்னால் எளிது, கை பழக வேண்டும். நிழலில் நிறுத்தி, பானெட் கையால் தொட்டால் சுடாத அளவு ஆறிய பிறகு ஆரம்பிக்க வேண்டும். சூட்டில் அடித்த திரவம் துடைப்பதற்குள் காய்ந்து திட்டாகிவிடும். துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். கூரையில் தொடங்கி, ஒரு சமயத்தில் பாதிக் கதவளவு இடத்துக்கு மட்டும் தாராளமாக அடித்து, அரை நிமிடம் ஊறவிட்டு, துணியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல் நேர்கோட்டில் ஒரே ஒரு இழுப்பு. உடனே துணியைத் திருப்பிப் பார்த்தால் காக்கி நிறத்தில் ஒரு பட்டை படிந்திருக்கும். அந்த முகம் அதோடு முடிந்தது, அடுத்த முகத்துக்கு மாற வேண்டும். அழுக்குப் படிந்த முகத்தோடு திரும்ப வந்து தேய்க்கிற பழக்கம்தான் கீறலுக்குப் பிள்ளையார் சுழி. பின்னாலேயே இரண்டாவது காய்ந்த துணியால் மெல்ல மெருகு கொடுக்கலாம். ஒரு காருக்கு ஐந்தாறு துணி ஆகும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுப்பவர்களைத் திருத்த முடியாது.

இந்தத் துணிகளைத் துவைக்கத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும்தான், ஒரு வாளி. பருத்தித் துணியோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு ஏறிவிடும். கம்ஃபர்ட் மாதிரி மணக்கும் திரவங்களில் முக்கினால் இழை அடைத்துப் போய் அழுக்கைப் பிடிக்காது. முழுக்க முழுக்கத் தண்ணீரே இல்லாத சுத்தம் என்று எதுவும் கிடையாது. 150 லிட்டர் ஒரு வாளியாகக் குறைகிறது, அதுதான் லாபம்.

சேற்றில் பலிக்காது

இப்போது அந்த ஐந்தருவிக் காருக்கு வருவோம். சக்கரத்துக்குப் பின்னால் விரல் கனத்துக்குச் செம்மண் அப்பியிருக்கிறது. அதன் மேல் எந்தக் கொம்பன் திரவத்தை அடித்தாலும் மேல்படலம்தான் நனையும். அடியில் இருக்கும் மணல் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டே இருக்கும், துணி அதைக் கோடாக இழுத்துக்கொண்டு போகும். விரலால் தொட்டால் நறநறக்கும் அழுக்குக்குத் தண்ணீர்தான் மருந்து. மாசி, பங்குனி மாதத்து மெல்லிய தூசி, ராத்திரிப் பனியில் படிந்த படலம், பிரானூர் மர அறுவை மில்கள் பக்கம் நிறுத்திய வண்டியில் படியும் மரத்தூள், இவற்றுக்குப் பாட்டில் போதும். சாரல் காலத்தில் அப்படி இல்லை. சாரல் மழை கனமாகப் பெய்து வண்டியைக் கழுவிவிடுவது கிடையாது. தூவலாக விழுந்து, மேலிருக்கும் தூசியைக் குழம்பாக்கி, அப்படியே காயவிடுகிறது. ‘மழையே கழுவிடும் அண்ணாச்சி’ என்று சொல்பவர்களின் கார்தான் ஊரிலேயே அழுக்காக இருக்கும்.

நடுவில் ஒரு வழி உண்டு. கார் பிரியர்கள் ‘ரின்ஸ்லெஸ்’ என்பார்கள். ஏழெட்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூடி பாலிமர் கலவையை ஊற்றி, துணிகளை அதில் ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் போவது; மறுபடி அலச வேண்டியதில்லை. சேறு உள்ள கீழ்ப்பாகத்தில் மட்டும் முதலில் இரண்டு குடம் தண்ணீர் விட்டுவிட்டு, மேலே இந்த முறையில் போனால் சாரல் காலத்துக்கும் தாங்கும். செங்கோட்டைக்குப் பொருத்தமானது இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் தீர்ப்பு. முழுக்கத் தண்ணீரில்லா முறை சென்னை அடுக்குமாடியின் மூடிய பார்க்கிங்கில் நிற்கும் காருக்கு ஏற்றது, புளியரை எஸ் வளைவில் ஏறி இறங்கும் காருக்கு அல்ல.

அந்த வளைவைச் சொன்னதால் இன்னொன்று. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வரும் வண்டிகளின் சக்கரங்களில் கறுப்பாகப் படிவதில் இரும்புத் துகள் உண்டு. சக்கரம் துடைத்த துணி கதவுக்கு வரக் கூடாது. அதற்கென்று தனித் துணி, தனி நிறம்.

குங்குமமும் ஈசலும்

எந்தக் கம்பெனி லேபிளிலும் இல்லாத அழுக்குகள் நமக்கு உண்டு. ஆயுத பூஜை அன்று பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி, குங்குமம் தடவிய பூசணிக்காயை முன்னால் உடைக்கிறோம். தெறித்த சிவப்புச் சாறு பம்பரில் காய்கிறது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகர விளக்கு வரை சபரிமலை வண்டிகள். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருபவர்கள் குற்றாலத்தில் குளித்து, ஆரியங்காவு ஐயப்பனைப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாமி படம், மாலை, ஸ்டிக்கர், செல்லோ டேப், கற்பூரப் புகை என்று வண்டியே நடமாடும் சன்னதியாக இருக்கும்.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டக் கூடாது. ஈரத் துணியைப் பத்து நிமிடம் அதன் மேல் போட்டு வைத்தால் தானாக இளகிவிடும். மஞ்சள் கறைக்கு அவசரப்பட வேண்டாம், அதன் நிறப்பொருளான குர்குமின் வெயிலில் வெளிறிவிடும் தன்மை உள்ளது. சாயம் கலந்த கடைக் குங்குமம்தான் சிக்கல், அன்று மாலையே ஈரத்தில் எடுத்துவிடுவது நல்லது. ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டால் உருண்டு வந்துவிடும்; பிறகு ஷாம்பு போட்டு எண்ணெயை எடுத்துவிட வேண்டும். முதல் மழைக்குப் பிறகு விளக்கு வெளிச்சத்தில் வந்து மோதும் ஈசல்களையும் பறவை எச்சத்தையும் மறுநாளைக்கு வைக்கக் கூடாது. எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலம் வெயில் சூட்டில் கிளியர் கோட்டை அரித்துத் தடம் பதித்துவிடும். இந்த மாதிரித் திட்டுத் திட்டான அழுக்குக்குத்தான் டிக்கியில் இருக்கும் அந்த ஸ்ப்ரே பாட்டில் பொன்னான பொருள். முழுக் காரையும் கழுவ வேண்டாம், அந்த ஒரு திட்டை ஊறவைத்து எடுத்தால் போதும்.

துணி துவைக்கும் பவுடர் சோப்பைக் காருக்குப் போடுவது பலருக்குப் பழக்கம். நுரை வரும், அழுக்கும் போகும், முன்பு போட்ட மெழுகும் சேர்ந்தே போய்விடும். அடிப்பாகத்துக்கு டீசல் அடித்துப் பளபளப்பாக்கும் சர்வீஸ்களும் உண்டு. டீசல் பட்டால் ரப்பர் புஷ்கள் ஊதி, இளகிக் கெட்டுப்போகும். நாலு நாள் மினுமினுப்புக்கு நாலாயிரம் ரூபாய் செலவு.

பிரேசில் பனையின் மெழுகு

அழுக்கைத் துடைத்தாயிற்று, இனி மெழுகு. மெழுகு போடுவது அழகுக்கு மட்டும் என்று நினைத்தால் அதன் பாதிப் பயனை விட்டுவிடுகிறோம். மெழுகிட்ட பரப்பில் அடுத்த தூசி கெட்டியாக ஒட்டாது, அடுத்த முறை துடைப்பது எளிதாகிறது. தண்ணீரில்லா முறையும் மெழுகும் ஒன்றுக்கொன்று துணை. மெழுகே போடாத, வெயிலில் வறண்டு சொரசொரத்துப் போன பெயின்ட்டில் வெறும் ஸ்ப்ரேயை அடித்துத் துடைப்பது பாதி பலன்தான் தரும்.

கார் மெழுகுகளில் பேர்போனது கார்னோபா. வடகிழக்குப் பிரேசிலின் பியாவி, சியாரா மாநிலங்களில் வளரும் ஒரு விசிறிப் பனையின் ஓலையிலிருந்து வருகிறது. நம் ஊர்ப் பனைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். வறட்சியில் ஓலையிலிருந்து ஈரம் போய்விடாமல் இருக்க மரமே பூசிக்கொள்ளும் படலம் அது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் பொடியாக உதிரும், அதை உருக்கி எடுக்கிறார்கள். 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். இயற்கை மெழுகுகளில் இவ்வளவு கெட்டியானது அபூர்வம். மிட்டாயின் பளபளப்புக்கும் மாத்திரையின் மேல்பூச்சுக்கும் இதுதான். 2017-ல் ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சி, பிரேசில் கார்னோபா தோட்டங்களில் தொழிலாளர்கள் கொத்தடிமை போல நடத்தப்படுவதைப் படம்பிடித்துக் காட்டியபோது மிட்டாய் கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. கார் மெழுகு விற்பவர்களை அப்போது யாரும் அவ்வளவாகக் கேட்கவில்லை.

மெழுகு போட்ட பானெட்டில் சாரல் விழுந்தால் துளித்துளியாக உருண்டு நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்வதற்கும் அடிப்படை மெழுகுதான். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படிகங்கள் மேடு பள்ளமாக நிற்கின்றன. கார் மெழுகில் அந்த மேடு பள்ளம் இல்லாததால் தாமரை இலை அளவுக்குத் துளி உருளாது. ஆனால் துளி குடைபோல எழும்பி நிற்கிறதா, தட்டையாகப் பரவுகிறதா என்று பார்த்தால் மெழுகு இன்னும் இருக்கிறதா, கரைந்துவிட்டதா என்று சொல்லிவிடலாம். தென்காசி வெயிலிலும் சாரலிலும் கார்னோபா ஒன்று, இரண்டு மாதம் நிற்கும். செயற்கை சீலன்ட் நான்கு முதல் ஆறு மாதம். செராமிக் கோட்டிங் என்பது சிலிக்கா படலம். சரியாகப் போட்டால் இரண்டு மூன்று ஆண்டுகள் வரும், விலையும் ஆயிரக்கணக்கில் ஏறும். கல் தெறித்து வரும் சில்லையோ குரங்கு நகத்தையோ அது தடுக்காது. கோட்டிங் போட்டால் இனிக் கழுவவே வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

போடும்போது கஞ்சத்தனம் நல்லது. ஸ்பாஞ்சில் ஒரு தொடு தொட்டு மெல்லியதாகப் பூசி, புகை படிந்த மாதிரி மங்கிய பிறகு துடைத்து எடுக்க வேண்டும். கெட்டியாகப் பூசினால் கூடுதல் பளபளப்பு வராது, கைவலிதான் வரும். முன் கண்ணாடியில் மெழுகோ சிலிக்கோன் ஸ்ப்ரேயோ படவே கூடாது. ராத்திரி மழையில் எதிர் லாரியின் விளக்கு விழும்போது வைப்பர் அதை வெண்படலமாக இழுத்து வைக்கும், அதுவும் எஸ் வளைவில். ஸ்டியரிங், பெடல், டயரின் ஓடும் பரப்பு ஆகியவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

செங்கோட்டைக்குத் தண்ணீரின் அளவைவிட முக்கியமான கேள்வி இது. குண்டாற்றிலிருந்தும் அனுமன் நதியிலிருந்தும் பிரியும் வாய்க்கால்கள் குளங்களை நிரப்பி வயலுக்குப் போகின்றன. சீசன் நாள்களில் சுற்றுலா வேன்களை ஆற்றோரம் இறக்கி, சோப்பு போட்டுத் தேய்க்கும் காட்சி புதிதல்ல. காரின் மேலிருந்து இறங்குவது மண் மட்டும் என்றால் பரவாயில்லை. அடியிலிருந்து எஞ்சின் ஆயிலும் கிரீஸும், பிரேக்கின் உலோகத் துகளும், பவுடர் சோப்பும் சேர்ந்தே இறங்குகின்றன. அந்தத் தண்ணீர்தான் ஒரு பர்லாங் தள்ளி கார் பருவ நெல்லுக்குப் பாய்கிறது, இன்னும் தள்ளி ஒருவர் குளிக்கிற படித்துறையைத் தொடுகிறது.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லிருந்தே இருக்கிறது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014-ல் தடை விதித்தது. குளிக்கிற மனிதனுக்கே சோப்பு கூடாது என்ற ஊரில் காருக்கு மட்டும் ஆற்றில் நுரை போடுவது எந்த நியாயம்?

வாட்டர் சர்வீஸ் கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு முகம் சுளிக்க வேண்டாம். சேறும் கிரீஸும் படிந்த வண்டிக்கு அவர்கள்தான் கதி. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட வகைப்பாட்டில் வாகன சர்வீஸ் கூடங்கள் ஆரஞ்சுப் பிரிவில் வந்தன. எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி ஒன்றைக் கட்டி, மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, தெளிந்த தண்ணீரைத் திரும்பவும் அடிப்பாகம் கழுவப் பயன்படுத்துவது பெரிய தொழில்நுட்பம் அல்ல. பிரஷர் கன் நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டரில் செய்யும் வேலையை ஹோஸ் பதினைந்து லிட்டரில்தான் செய்கிறது. கீழே கன், மேலே ரின்ஸ்லெஸ் துணி என்று ஒரு கட்டணத்தை வைத்தால் வாடிக்கையாளரும் வருவார், போர்வெல் மோட்டாரும் குறைவாக ஓடும். துணி பிடிக்கத் தெரிந்த ஆளுக்கு நல்ல சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கலாம், வித்தை அவர் கையில்தான் இருக்கிறது.

வரும் சீசனுக்குக் குற்றாலம் புறப்படும் முன் டிக்கியில் ஆறு மைக்ரோஃபைபர் துணி, ஒரு ஸ்ப்ரே பாட்டில், இரண்டு லிட்டர் தண்ணீர் கேன், அழுக்குத் துணியைப் போட ஒரு கட்டைப்பை எடுத்து வையுங்கள். குரங்குத் தடத்துக்கும் பூச்சிக்கும் பறவை எச்சத்துக்கும் அது தாராளம். சேறு அப்பியிருந்தால் அங்கேயே தேய்க்காதீர்கள், ஆற்றிலும் இறக்காதீர்கள். தென்காசியிலோ செங்கோட்டையிலோ ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டுவிட்டு பிரானூருக்குப் போய் பார்டர் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வண்டி தயாராக இருக்கும்.